ஓரத்தில் நீட்டி வைத்த அட்டை

மகனே,

இதை நீ நின்றுகொண்டு படிக்கக் கூடாது. கையில் போனையும் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. கடல் தாண்டி பிந்துலுவில் கம்பெனி உனக்குக் கொடுத்திருக்கும் அறையில் நாற்காலி ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் கட்டிலில் உட்கார். ஆங்கிலத்தில் எழுதினால் உன் கம்பெனி பஸ் வருவதற்குள் படித்து மடித்துவிடுவாய். தமிழ் என்றால் நீ எழுத்துக் கூட்டித்தான் போகவேண்டும், ஞாயிறு பள்ளியில் என் முன்னால் விரல் வைத்துப் படித்ததுபோல. அந்த வேகத்தில் படிக்க வேண்டிய விஷயம் இது. இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் எனக்குப் பிழை வராது. கான்வென்ட் கன்னியாஸ்திரிகள் என்னை அப்படி வளர்த்துவிட்டார்கள். அந்த மொழியில் மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் என் பக்கம் நியாயம் இருப்பதுபோலவே வந்தது. கிழித்துப் போட்டேன்.

காலை ஏழே காலுக்கு உன் மனைவி வாசுகி வேலைக்குப் புறப்படுகிறாள். காற்று வரட்டும் என்று முன்கதவைத் திறந்து வைத்துவிட்டு, வெளியிலிருந்து இரும்புக் கிரில்லை இழுத்துப் பூட்டுகிறாள். மாலை ஆறரைக்கு ஆயர் குரோ ஆபீசிலிருந்து வந்து திறக்கிறாள். நடுவில் பதினொன்றேகால் மணி நேரம். கைத்தாங்கியைப் பிடித்துக்கொண்டு நான் உங்கள் வீட்டு ஹாலிலிருந்து அடுக்களைக்கும், அடுக்களையிலிருந்து கிரில்லுக்கும் நடக்கிறேன். காலையில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். பத்து மணிக்கு ரொட்டிக்காரர் ஹார்ன் அடிக்கிறார். அவசரத்துக்கு ஒரு சாவி பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் இருக்கிறது. நான் அவரை மக்சிக் என்றுதான் கூப்பிடுகிறேன். செவ்வாய்க்கிழமைகளில் கம்பி வழியாகப் பலகாரம் நீட்டுவார். சாவியை நான் கேட்டதில்லை, அவரும் எடுத்ததில்லை. நாற்பது வருஷம் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் புலாவ் செபாங் வீட்டிலும் யார் வரலாம், யார் போகலாம் என்று தீர்மானித்தவள் நான். இப்போது ரொட்டி வாங்குவதற்குக் கையைக் கம்பிக்கு வெளியே நீட்டுகிறேன்.

குறை சொல்லவில்லை. ஆகஸ்ட் மாதம் யாரிடமும் சொல்லாமல் பேனா வாங்க வெளியே போய், மூலைச் சாக்கடை ஓரத்தில் விழுந்து, மக்சிக் என்னைத் தூக்கி உட்காரவைத்த கதையை நீ மறந்திருக்க மாட்டாய். பூட்டை வாங்கி மாட்டியவன் நீ. மாட்டிவிட்டு அடுத்த வாரம் விமானம் ஏறினாய். மூன்று மாத வேலை என்றாய். டிசம்பர் பிறந்ததும் போன் பண்ணி, புது வருஷத்துக்கு வரவில்லை என்றாய். ஜனவரியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போட்டுவிடலாம் என்றிருக்கிறேன் என்றாய். வருஷக் கடைசி ஆராதனைக்காவது அங்கே ஒரு சபையைத் தேடிப் போ என்று நான் சொன்னதற்கு நீ சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. “அவர் எங்க வீட்டுப் பக்கம் வரலம்மா. நான் மட்டும் ஏன் அவர் வீட்டுக்குப் போகணும்?”

அதற்குத்தான் இந்தக் கடிதம். உன்னைத் திட்ட அல்ல. ஆண்டவர்மேல் நீயும் வாசுகியும் போட்டிருக்கும் ஒரு குற்றம் அவருடையதல்ல, என்னுடையது. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். அப்படிச் சொன்னால்தான் நடுவில் நான் நழுவ முடியாது.

நம் சபையில் வருஷக் கடைசி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். ஆளுக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஒரு வசனம். கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத் தட்டில் கை வைத்து எடுப்பதுதான் அந்த ஆண்டுக்கு எடுத்தவருக்கு ஆண்டவர் கொடுத்த வார்த்தை. மற்ற சபைகளில் ரோஜாப் பூப் போட்டு அச்சடித்த அட்டைகளைக் கடையில் வாங்கினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது எனக்கே தெரியும் என்பதால், நானே எழுதுகிறேன் என்று பாஸ்டரிடம் சொன்னேன். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே எழுதிவருகிறேன். எழுதியவள் என்பதால் தட்டை வரிசை வரிசையாகக் கொண்டுபோகும் வேலையும் எனக்கே வந்தது. என் கல்யாணத்துக்கு வந்த வெள்ளி முலாம் தட்டு. நீ சின்னவனாக இருந்தபோது அதைத் துடைத்துக் கொடுப்பாய்.

முதலில் அது தற்செயலாகத்தான் நடந்தது. சபையில் ஒரு மூப்பர் குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வாசனை வரும். ஒரு வருஷம் அவரிடம் தட்டை நீட்டியபோது, தெளிந்த புத்தியோடு இருக்கச் சொல்லும் வசனம் எழுதிய அட்டை ஓரத்தில் கொஞ்சம் நீண்டிருந்தது. நான் நீட்டி வைக்கவில்லை. அவர் கண்ணை மூடித் துழாவி அதையே எடுத்தார். படித்ததும் முகம் வெளுத்துப்போயிற்று. ஈஸ்டர் வரைக்கும் அவர் குடிக்கவில்லை. அடுத்த வருஷம் நான் தற்செயலை நம்பிக் காத்திருக்கவில்லை.

கஷ்டமான காரியமே இல்லை. தட்டைப் பிடிக்கும் கட்டைவிரலுக்கு அடியில் வேண்டிய அட்டையை வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆள் கையை நீட்டும்போது ஒரு அங்குலம் வெளியே தள்ள வேண்டும். கண்ணை மூடியிருக்கிறவர்களின் கை, நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் முதலில் தொடும். பாடகர் குழுவில் புறணி பேசும் ஒரு அம்மாவை நாவடக்கத்தைப் பற்றி நாலு வருஷம் தொடர்ந்து அட்டையாலேயே கண்டித்தேன். கடைசியில் அவள் என்னிடமே வந்து, எனக்கு மட்டும் ஒரு வருஷமாவது ஆசீர்வாதமாக ஒன்று வரக் கூடாதா என்று கேட்டாள். ஜெபம் பண்ணிக்கொள்ளச் சொன்னேன்.

உன் அப்பாவுக்கு மட்டும் தெரியும். ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணுக்கு எது தப்பும்? ஒரு வருஷம் ஆராதனை முடிந்து காரில் திரும்பும்போது, “நீர் ஆண்டவருக்குக் கிளார்க் வேலை பாக்கிறீரோ?” என்று கேட்டார். நான் மடியிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அலோர் காஜா தாண்டியதும் அவரே சொன்னார்: “கிளார்க் எண்டால் பரவாயில்லை. நீர் அவருடைய கையெழுத்தையெல்லோ போடுறீர்.” பின்சீட்டில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அவர் மறுபடியும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் தட்டில் கை வைக்கும்போது ஓரத்தைத் தொட மாட்டார். நடுவில் விரலை விட்டு, அடியிலிருந்து உருவி எடுப்பார். என்னைப் பார்த்துக்கொண்டே எடுப்பார்.

இப்போது உன் பங்கு. உனக்குப் பத்தொன்பது வயது. கப்பல் இன்ஜினியர் பயிற்சிக்கு இடம் கிடைத்து, கடிதம் அலமாரியில் இருந்தது. அப்பா போகட்டும் என்றார். எனக்கு நீ ஒரே பிள்ளை. அந்த வருஷக் கடைசியில் நீ எடுத்த அட்டை, இருக்கிற இடத்திலேயே நிலைத்திருக்கச் சொல்லும் வசனம். மறுநாள் காலை அடுக்களைக்கு வந்து, “ஆண்டவர் போகாதங்கிறாரும்மா” என்று சொன்னாய். உன் முகத்தில் கோபம் இல்லை. கீழ்ப்படிகிறவனின் முகம் இருந்தது. அவருக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டு உனக்குக் கிறிஸ்துமஸுக்குச் செய்த லவ் கேக்கில் இன்னொரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். நீ அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. இருபது வருஷமாக ஆயர் குரோ தொழிற்சாலையில் மற்றவர்களுடைய இயந்திரங்களைப் பழுதுபார்த்தாய். கடலைக் கடந்து நீ முதல்முறை வேலைக்குப் போனது இந்த செப்டம்பரில்தான், அதுவும் வீட்டில் இருக்க முடியாமல். கொஞ்சம் நிறுத்தித் தண்ணீர் குடி. இன்னும் இருக்கிறது.

வாசுகியை நீ கூட்டிவந்தபோது நான் சொன்ன முதல் வார்த்தை உனக்கு ஞாபகம் இருக்கும்: தோட்டத்துப் பெண். நாம் யாழ்ப்பாணத்துக்காரர்கள், மூன்று தலைமுறை அரசாங்க உத்தியோகம், கிறிஸ்தவர்கள் என்றேன். அவள் புலாவ் செபாங்குக்கு அப்பால் ரப்பர் தோட்டத்து வீட்டில் பிறந்து, தோட்டத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். உனக்காக ஞானஸ்நானம் எடுத்தாள். முதல் நாள் என்னை “அத்தை” என்று கூப்பிட்டாள். எங்கள் வீட்டில் “மாமி” என்று சொல்வோம் என்று திருத்தினேன். அன்றிலிருந்து மாமி என்றே கூப்பிட்டாள், பரீட்சை எழுதுகிறவள்போல. ஆறு வருஷம் உங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை என்று பெருமையாக நினைத்திருந்தேன். சொல்லாமல் பார்க்கிற பார்வை எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் நீங்கள் இருவரும் புலாவ் செபாங்குக்கு வந்து, மூன்றாவது மாதம் என்று சொன்னீர்கள். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, மகனே. அதை மட்டும் நம்பு. பிள்ளைகள் ஆண்டவர் தரும் சொத்து என்னும் வசனத்தை நல்ல கறுப்பு மையில், வழக்கத்தைவிட நிதானமாக எழுதினேன். வருஷக் கடைசி ஆராதனையில் அவள் கண்ணை மூடிக் கையை நீட்டியபோது என் கட்டைவிரல் தன் வேலையைச் செய்தது. அவள் படித்துவிட்டு உன் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெளியே கார் பக்கத்தில் என்னிடம் வந்து சொன்னாள்: “எங்கம்மா ஆறு வருஷமா மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டுத்தான் இருக்கு மாமி. அங்கேருந்து ஒரு பேச்சு வரல. இங்க எழுதியே குடுத்துட்டாரு.” அப்போதே சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே, அது நான் வைத்தது பெண்ணே என்று சொல்லியிருந்தால் அவளும் சிரித்திருப்பாள். விசுவாசமாக இரு என்று சொன்னேன்.

அந்த அட்டையை அவள் ஃபிரிட்ஜ் கதவில் அன்னாசிப்பழக் காந்தத்தை வைத்து மாட்டியிருந்தாள். மார்ச் மாதம் நான் புலாவ் செபாங் வீட்டுக் குளியலறையில் விழுந்து, இடுப்பில் கம்பி வைத்து, இங்கே கொண்டுவரப்பட்டபோது, ஹாலில் போட்ட கட்டிலிலிருந்து எனக்கு நேரே தெரிந்தது அந்த அட்டைதான். வயிற்றில் பிள்ளையோடு அவள் என்னைத் திருப்பிப் படுக்கவைத்தாள், துடைத்துவிட்டாள். மே மாதம் நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதாக நீ சொன்னாய். நான் கேட்காமலே நீ சொன்னாய். அதனால் நீயும் அதை நினைத்திருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன்.

மே மாதத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீ அங்கே இருந்தாய். எனக்குக் கல்லறைக்கு வரக் கால் இல்லை. நீங்கள் திரும்பி வந்தபோது உன் சப்பாத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. வாசுகி நேரே அடுக்களைக்குப் போனாள். காந்தத்தை நகர்த்தி அட்டையை எடுத்தாள். கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. ரப்பர் வளையங்களும் பழைய சாவிகளும் கிடக்கும் இழுப்பறையில் அதைக் குப்புற வைத்து மூடினாள். சபையிலிருந்து வந்தவர்கள் பேசியபோதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருக்கும் என்று அவளிடம் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அதன்பிறகு அவள் என்னை மாமி என்றும் கூப்பிடவில்லை, வேறு எப்படியும் கூப்பிடவில்லை. சாப்பாடு வைத்துவிட்டு, “சாப்பாடு” என்பாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கர்வம் என்றால் பாதி உண்மை. மீதியையும் சொல்கிறேன், வெட்கமாக இருந்தாலும். என்னைக் குளிப்பாட்டுகிற கை அவளுடையது. அவள் என்னை வெறுத்துவிட்டால் எனக்குப் போக இடமில்லை. பூட்டுக்கு முன்னாலேயே நான் அடைபட்டிருந்தேன். அவள் ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் வெறுமனே ஒட்டியிருந்த அந்த அன்னாசிப்பழக் காந்தத்தைப் பார்த்துக்கொண்டு ஏழு மாதம் கிடந்தேன்.

டிசம்பர் இரண்டாவது வாரம் சபைச் செயலாளர் வெற்று அட்டைக் கட்டை வாசுகியின் ஆபீசில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவள் அதை என் மேசையில் வைத்தாள். “உங்க சர்ச் அட்டை.” உங்கள் சர்ச். நான் கிரில் பக்கத்தில் வெளிச்சத்துக்கு மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினேன். என் கை ஆடுகிறது, மகனே. ஆகஸ்டில் விழுந்ததிலிருந்து வலது கை சொன்னபடி கேட்பதில்லை. மூன்று நாளில் முப்பது அட்டைதான் முடிந்தது. அதிலும் பாதி, பிள்ளை எழுதியதுபோல. நாலாம் நாள், பிள்ளைகளைப் பற்றிய அந்த வசனத்துக்கு வந்தேன். பேனாவை வைத்துவிட்டேன். இந்த வருஷம் அதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். பத்து நிமிஷம் நிம்மதியாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, விடுவதும் நீட்டி வைப்பதும் ஒன்றுதான். யாருக்கு எது வரக் கூடாது என்று இன்னும் நான்தான் தீர்மானித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று மாலை வாசுகி கிரில்லைத் திறந்து உள்ளே வந்து, கையிலிருந்த மீ நூடுல்ஸ் பொட்டலங்களை வைக்க இடம் தேடினாள். மேசை நிறைய அட்டை. அவற்றை ஒதுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: “அந்த வசனம் இந்த வருஷமும் இருக்கா?” நான் பேனாவை மூடி வைத்தேன். “யாருக்குக் கிடைக்கப்போகுதோ, பாவம்” என்றாள்.

அப்போது சொன்னேன். உட்காரச் சொல்லாமல், தண்ணீர் குடிக்கச் சொல்லாமல், நின்றுகொண்டிருந்தவளிடம் சொன்னேன். அதை ஆண்டவர் கொடுக்கவில்லை, நான் கொடுத்தேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எல்லாத்தையும் நீங்கதானே எழுதுறீங்க என்றாள். எழுதியதைச் சொல்லவில்லை, எடுக்கவைத்ததைச் சொல்கிறேன் என்றேன். மீ பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து, அதன் மூடியை என் கையில் கொடுத்தாள். “எப்படிச் செஞ்சீங்க, காட்டுங்க” என்றாள்.

காட்டினேன். ஆடுகிற கையால் மூடியைப் பிடித்துக்கொண்டு, அட்டைகளைப் பரப்பி, கட்டைவிரலுக்கடியில் ஒன்றை வைத்தேன். அவள் கண்ணை மூடிக் கையை நீட்டினாள். ஓர் அங்குலம் தள்ளினேன். அவள் விரல் நேராக வந்து அதைத்தான் தொட்டது. கண்ணைத் திறந்து பார்த்தாள். இன்னொரு தடவை என்றாள். மறுபடியும் அதே. மூன்றாவது தடவை கண்ணை மூடாமல் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் அதைப்போல யார் முன்னாலும் நான் நின்றதில்லை.

“ஏழு மாசமா நான் என்ன தப்பு பண்ணேன்னு தேடிக்கிட்டிருக்கேன்” என்றாள். “குடுக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டுத் திருப்பி எடுத்துக்கிட்டாருன்னா, நான் ஏதோ பண்ணிருக்கணும்ல. கோயில்ல திருநீறு வச்சிக்கிட்டது வரைக்கும் யோசிச்சுப் பார்த்துட்டேன். அப்ப அவரு சொல்லவே இல்ல.” இல்லை என்றேன். “பொய் சொல்லலை அவரு.” இல்லை, நான்தான் என்றேன். அவள் அழவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மீ ஆறிப்போயிற்று.

மன்னித்துவிட்டாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறுநாள் ஏழே காலுக்குக் கிரில்லைப் பூட்டிக்கொண்டு போனாள். நாலு நாள் “சாப்பாடு” என்ற அந்த ஒரு சொல்லும் இல்லை. தட்டு மட்டும் வந்தது. குளிப்பாட்ட வந்தாள், தண்ணீர் சூடு சரியாக இருந்தது, கை அதே மாதிரி மெதுவாகத்தான் பட்டது. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பகலெல்லாம் கிரில்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நான் நன்றாக ஜெபம் பண்ணுகிறவள் என்று சபையில் பெயர். என் ஜெபங்களில் ஆண்டவருக்குத் தேவையான குறிப்புகள் எல்லாம் இருக்கும். அந்த நாலு நாள் என் வாயில் குறிப்பு எதுவும் வரவில்லை. நான் அடைபட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. பதில் வரவில்லை. ஆனால் சொல்வதை நிறுத்தவும் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் அவள் அதிகாலையிலேயே பசாருக்குப் போவது வழக்கம். அன்று திரும்பி வந்து, மீனைக் கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னாள். மே மாதத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பசாருக்கு முன்னால் கல்லறைக்குப் போய்வருகிறாளாம். புல் பிடுங்கிவிட்டு வருகிறாளாம். உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. ஆண்டவர்மேல் கோபமாக இருந்துகொண்டே ஏன் போனாய் என்று கேட்டேன். “வேற எங்க போறது?” என்றாள்.

விடியற்காலையில் இயேசுவின் கல்லறைக்குப் போன அந்தப் பெண்களைப் பற்றி எத்தனை ஈஸ்டரில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வாசலில் பெரிய கல் கிடக்கிறது, அதைத் தள்ள ஆளில்லை, அது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் புறப்பட்டார்கள். நான் எப்போதும் அந்த இடத்தை வேகமாகத் தாண்டி, கல் தள்ளப்பட்டிருந்ததற்குப் போய்விடுவேன். கையில் ஒரு வாக்கும் இல்லாமல், கல் கிடக்கிறது என்று தெரிந்து, இருட்டோடு புறப்பட்டார்களே, அதுதான் நம்பிக்கை என்று எனக்கு எண்பது வயதில், மீன் கழுவுகிறவளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. நான் வாழ்நாளெல்லாம் நம்பிக்கை என்று எழுதி விநியோகித்தது வேறு எதையோ.

மீன் வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். நான் எழுதிய அட்டைகளைப் பார்த்தாள். இதை யாரும் படிக்க முடியாது என்றாள். உண்மைதான். பேனாவை எடுத்துக்கொண்டு, நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன் என்றாள். அவளுடைய தமிழ் எழுத்தை நீ பார்த்திருக்கிறாயா? உருண்டையாக, ஒரே அளவில், கோடு போடாத தாளிலும் கோடு போட்டதுபோல வருகிறது. தோட்டத்துப் பள்ளியில் ஒரு வாத்தியார் அப்படிக் கற்றுக்கொடுத்தாராம். ஏழு வருஷத்தில் அவளை ஒரு வரி எழுதச் சொல்லி நான் பார்த்ததில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதினாள். இரண்டு இடத்தில் என் உச்சரிப்பைத் திருத்தினாள். மூன்றாவது இடத்தில், “கான்வென்ட்ல தமிழ் சொல்லிக் குடுக்கலையா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “தெரியுது” என்றாள். ஏழு மாதத்தில் இந்த வீட்டில் கேட்ட முதல் கேலி அது.

அந்த வசனம் வரும்போது நான் நிறுத்தினேன். நான் சொல்லாமலே அவள் எழுதினாள், மனப்பாடம். எழுதி, மை காய ஊதி, கட்டோடு வைத்தாள். யாருக்காவது வரட்டும், ஆனா அவரே குடுக்கட்டும் என்றாள். எல்லாவற்றையும் தரையில் கொட்டி, இரண்டு கையாலும் புரட்டிப் புரட்டிக் கலந்து, பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினாள். “நீங்க தொடக் கூடாது” என்றாள். வருஷக் கடைசி ஆராதனையில் தட்டை அவள்தான் பிடிக்கப் போகிறாள். பாஸ்டரிடம் போனில் சொல்லிவிட்டாள். விசுவாசம் வந்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். உங்களை நம்பி அனுப்ப முடியாதுல்ல அத்தை, அதான் போறேன் என்று அவளே சொன்னாள். அத்தை என்றாள். நான் திருத்தவில்லை.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டாமல்தான் அவளிடம் கொடுக்கிறேன். படித்துவிட்டு ஒட்டச் சொல்லியிருக்கிறேன். தவறாக எதையாவது எழுதியிருந்தால் அவள் ஓரத்தில் எழுதுவாள்.

நீ என்மேல் கோபப்படுவாய். பட வேண்டும். கப்பலை உனக்கு இப்போது திருப்பித் தர என்னால் முடியாது. பத்தொன்பது வயதில் உன்னைப் போகாதே என்று சொன்னது ஆண்டவர் அல்ல, தனியாக இருக்கப் பயந்த உன் அம்மா என்று உன்னிடம் சொல்ல மட்டும்தான் முடிகிறது. நீ அவர்மேல் போட்ட குற்றத்தில் என் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு அவரிடமே சண்டை போடு. கல்லறையில் ஒரு பிள்ளை இருக்கிறது. அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. இனி விளக்கம் சொல்லவும் மாட்டேன். ஜனவரியில் நீ கையெழுத்துப் போட்டால் போடு. வந்தால் வா. வாசுகிக்கு நீ வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது; ஆனால் அதை அவள் உன்னிடம் சொல்லட்டும், நான் அவள் குரலில் பேசக் கூடாது. எந்தப் பக்கமும் நான் தள்ளப்போவதில்லை. இந்த ஒரு வரியை எழுத எனக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று உனக்குத் தெரிந்தால் நீ சிரிப்பாய்.

வெளியூரில் இருக்கிறவர்களுக்காக வீட்டார் ஒருவர் அட்டை எடுப்பது வழக்கம். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வருஷம் அவருக்காக நான் எடுத்தேன். சுகமாக்குவேன் என்னும் வசனத்தைத்தான் எடுத்தேன் என்று உன்னால் யூகிக்க முடியும். இந்த வருஷம் உனக்காக வாசுகி எடுப்பாள். எடுத்து உனக்குப் போனில் படித்துக் காட்டுவாள். போனை எடு.

மணி நாலரை ஆகிறது. கிரில் பூட்டித்தான் இருக்கிறது. அவள் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. டின் அலமாரியின் மேல்தட்டில், என் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. உன் அட்டையும் அதற்குள்தான். எங்கே இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதல்முறையாக எனக்குத் தெரியாது.

உன் அம்மா